பழைய படம் சரிசெய்யும் ஸ்டூடியோ: வேலை சுத்தம், கொஞ்சம் அதிகமாகவே சுத்தம்

பினாங்கு லிட்டில் இந்தியாவில், லெபோ பாசார் பக்கம் இருக்கும் ஒரு ஸ்டூடியோ. பெயர் போடவில்லை, ஏன் என்று படித்தால் புரியும். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன்.

நான் கொடுத்தது பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துக் கித்தா (ரப்பர்) தோட்டத்தில் எடுத்த குடும்பப் படம். தாத்தா, பாட்டி, இடுப்பில் என் பெரியம்மா, பின்னால் லயம், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாங்கப் போனால் படம் பளபளவென்று இருக்கிறது, ஆனால் லயத்துக்கு முன்னால் இருந்த முள்கம்பி வேலியைக் காணோம்! "கீறல் நிறைய இருந்துச்சுக்கா, எல்லாத்தையும் எடுத்துட்டேன் லா" என்கிறான் கவுண்டரில் இருந்த பையன், பெருமையாக. ஏஐ சாஃப்ட்வேர் கம்பியையும் கீறலையும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்தக் கம்பிக்காகத்தான் படத்தையே கொண்டுபோனேன். 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டு, பிரிட்டிஷ் மலாயாவில் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் வந்தது. 1950இல் பிரிக்ஸ் திட்டம். காட்டோரம் இருந்த மக்களைப் பெயர்த்துப் புதுக்கிராமங்களில் அடைத்தார்கள், ஐந்து லட்சம் பேருக்குக் குறையாது, பெரும்பாலும் சீனர்கள். அது எல்லாருக்கும் தெரியும். தோட்டத்துக்குள்ளேயே தள்ளித் தள்ளி இருந்த லயங்களைக் காலி செய்து, நம் ஆட்களை ஓரிடத்தில் குவித்துக் கம்பி கட்டியதை யார் பேசுகிறார்கள்? தாத்தா பாட்டியும் அப்படி வந்தவர்கள்தான். கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடுமாம், அதனால் கேட்டில் சோதனை. பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்கப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. சைக்கிள் பம்பைக்கூடக் கழற்றிப் பார்ப்பான் என்று பாட்டி சொல்லும், வெறும் வயிற்றோடு வெட்டிவிட்டு வந்துதான் கஞ்சி.

சத்தம் கேட்டு முதலாளி உள்ளேயிருந்து வந்தார். அசல் படத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தார். சீரான இடைவெளியில் முள் முடிச்சு தெரிகிறது, கீறல் அப்படியா இருக்கும்? பையனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நானே கையால செய்றேன்மா, காசு வேணாம்" என்றார். செய்தும் கொடுத்தார், முள் ஒவ்வொன்றும் எண்ணிப் பார்க்கலாம் போல இருக்கிறது. அந்த மூன்றரையில் பெரும்பகுதி அவருக்கு.

தாத்தாவின் அடையாள அட்டைக்கும் நகல் எடுத்தேன். அவசரகாலத்தில் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லாருக்கும் கொடுத்த காகித அட்டை அது. இதில் குறையே இல்லை, பெருவிரல் ரேகையில் ஒரு கோடு மங்கவில்லை. மடிப்பை மறைக்கட்டுமா என்று இந்த முறை முதலிலேயே கேட்டார்கள்!

போகிறவர்களுக்கு: எதை அழிக்கக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். கலர் போடச் சொல்லாதீர்கள், மாதிரிக்கு மாட்டியிருந்த படத்தில் எல்லாருக்கும் ஒரே மாநிறம். ஃபிரேம் விலை அநியாயம், வெளியே போட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், சனி ஞாயிறு காரில் போனால் பார்க்கிங் கிடைக்காது.