பி.ஆர். வந்தாச்சு: தலைகாட்டிவிட்டுத் திரும்புவதா, ஒரேயடியாகக் கிளம்புவதா?

கோத்தகிரியில் என் தம்பி வீட்டில் இப்போது இதே பேச்சுதான். ஆஸ்திரேலியாவின் 189 விசா, அதாவது அங்கே நிரந்தரமாகத் தங்கும் உரிமை (பி.ஆர்.), கைக்கு வந்துவிட்டது. ஆனால் மகள் பத்தாம் வகுப்பு, அம்மாவுக்கு வயதாகிவிட்டது, தேயிலைத் தோட்டத்தை யாரிடம் விடுவது?

ஒரு வழி, விசா கடிதத்தில் உள்ள முதல் நுழைவுத் தேதிக்குள் போய் ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்புவது. தம்பி மட்டும் போனால் போதாது; விசா பெற்ற ஒவ்வொருவரும் நுழைய வேண்டும், தவறினால் விசா ரத்தாகலாம். கோவையிலிருந்து சிங்கப்பூர் வழியாக நாலு பேருக்கு டிக்கெட் என்றால் கை கடிக்கும்தான். ஆனால் மகள் மார்ச்சில் நிம்மதியாகப் பரீட்சை எழுதுவாள்.

இன்னொன்று, அதே தேதிக்குள் மூட்டை கட்டிக்கொண்டு மொத்தமாகப் போய்விடுவது. செலவு ஒரே முறை. அங்கே பள்ளி ஆண்டு ஜனவரி கடைசியில் தொடங்குவதால் நடுவில் சேர வேண்டிவரும். தோட்டத்தை அவசரமாகக் குத்தகைக்கு விட்டால், பச்சைத் தேயிலை விலை இறங்கியிருக்கும் சமயத்தில் அடிமாட்டு விலைக்குத்தான் கேட்பார்கள்.

என்னைக் கேட்டால் முதல் வழிதான். ஒரு நிபந்தனை: இந்த விசாவில் ஆஸ்திரேலியாவை விட்டு வெளியே போய்த் திரும்பி நுழைவதற்கான அனுமதியின் 5 ஆண்டு, விசா கொடுத்த நாளிலிருந்தே ஓடுகிறது. அடுத்த 5 ஆண்டு அனுமதிக்கு, கடந்த 5 ஆண்டில் 2 ஆண்டு அங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஆகவே மூன்றாவது ஆண்டைத் தாண்டித் தள்ளிப்போடக் கூடாது. அதற்குள் தோட்டத்துக்கு நல்ல ஆளாகப் பார்த்துவிடலாம்.