இரட்டைக்குழல் துப்பாக்கியைக் கறுப்பேற்றக் கொடுக்கும் முன்: ஓர் எச்சரிக்கை

உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி வைத்திருப்போர், குறிப்பாக இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர் எனக் கடலை ஒட்டிக் குடியிருப்போர், குழல்களை மெருகிட்டுக் கறுப்பேற்ற (துரு எளிதில் பிடிக்காதபடி இரும்பின் மேற்பரப்பைக் கறுப்பாக்க) கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். 9,500 ரூபாய் போனதைவிட, அப்பா நாற்பது ஆண்டுகள் துரு அண்டாமல் காத்த பொருளை நானே கொண்டுபோய்க் கெடுக்கக் கொடுத்தேன் என்பதுதான் என்னை வருத்துகிறது.

பொன்னேரிப் பக்கம் எங்களுக்கு நிலம் இருந்த காலத்தில் வாங்கிய '12 போர்' (குழல் துளையின் அளவு) துப்பாக்கி அது. 2024 மக்களவைத் தேர்தலுக்காகக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, ஜூன் மாதம் திரும்பப் பெற்றபோது குழல்மீது மிளகளவில் துருப்புள்ளிகள் இருந்தன. துணி உறையோடு கொடுத்தது என் தவறு. துணி ஈரத்தை இழுத்து இரும்பின்மேல் பிடித்துவைக்கும். பழுதுபார்க்க உரிமம் உள்ள ஒரு கடையில் கொடுத்தேன். நான்கே நாளில் குழல்கள் கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பில் திரும்பி வந்தன. அந்த வேகமே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

பெஞ்சல் புயல் மழை ஓய்ந்த வாரம் எண்ணெய் பூச எடுத்தபோது, இரு குழல்களுக்கும் நடுவே ஓடும் பட்டையின் ஓரம் நெடுகக் கோலமாவு தூவியதுபோல் வெள்ளை பூத்திருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன், விரலில் சோப்பு நீர்போல் வழுக்கியது. மூன்றாம் நாள் அதே இடத்தில் மறுபடியும் வெள்ளை, அதன் அடியில் செம்பழுப்புக் கோடு. கடைக்காரரிடம் காட்டினேன். "கடலோரத்துல இருந்தா அப்படித்தான் சார், தேங்காய் எண்ணெய் தடவுங்க" என்று அனுப்பிவிட்டார். சமையல் எண்ணெய் எதுவானாலும் நாளடைவில் காறிப் புளித்து இரும்பை அரிக்கும் என்பதுகூட அவருக்குத் தெரியாதா என்று இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

பிறகு பார்த்த முதிய கைவினைஞர் ஒருவர், குழல்களைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல்முட்டியால் தட்டினார். பட்டை உறுதியாக இருந்தால் மணிபோல் கணீரென்று ஒலிக்க வேண்டுமாம். எங்களுடையது விரிசல் விட்ட பானைபோல் கரகரத்தது. நடந்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. போல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் பட்டறைகளில் 'பிளாக்கோடைசிங்' செய்கிறார்களே, காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்து ஏறத்தாழ 140 டிகிரியில் கொதிக்கும் தொட்டி, அதற்குள் என் குழல்களை முக்கியிருக்கிறார்கள். பழைய இரட்டைக்குழல்களில் நடுப்பட்டை வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசால் பற்றவைக்கப்பட்டிருக்கும். காஸ்டிக் அந்தப் பற்றாசை அரிப்பதோடு, பட்டைக்கு அடியிலுள்ள பொந்துக்குள்ளும் புகுந்துகொள்ளும். வெளியே எத்தனை முறை கழுவினாலும் உள்ளே தண்ணீர் எட்டாது. ஈரக்காற்றுப் பட்டதும் அந்த உப்பு கசிந்து வெளிவரும், துருவும் கூடவே வரும். மேலே எந்த எண்ணெயைப் பூசியும் அதை நிறுத்த முடியாது. இயந்திரத்தில் வைத்து மெருகிட்டதில் தயாரிப்பு எண்ணும் மழுங்கிப் போயிருந்தது. உரிமத்தில் உள்ள எண்ணோடு ஒப்பிட முடியாமல் போனால் என்ன பதில் சொல்வேன் என்று பல நாள் தூக்கமின்றித் தவித்தேன்.

இவ்வகைக் குழல்களுக்கு ஏற்றது, துருவையே கறுப்பாக்கும் பழைய முறை. எண்ணெய்ப் பசை போக்கி, அமிலக் கரைசலை மெலிதாகத் தடவி, சீராகத் துரு பிடிக்கவிட்டு, நீரில் கொதிக்கவைத்தால் செந்துரு கருமையாக மாறும். தளர்ந்த பொடியை ஸ்டீல் உல்லால் தேய்த்தெடுத்து மறுபடியும் தொடங்க வேண்டும். ஏழெட்டு முறையாவது இப்படிச் செய்தால்தான் நிறம் ஏறும். வடசென்னையின் உப்பேறிய போர்வெல் நீர் இதற்கு ஆகாது, பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்தான் வேண்டும். கடைசியில் சமையல் சோடாக் கரைசலில் அமிலத்தை முறித்து, சூடு ஆறுமுன் எண்ணெயில் ஊறவைக்காவிட்டால், வேலை முடிந்த பிறகும் துரு தொடர்ந்து வளரும்.

பட்டையைக் கழற்றி, உள்ளே கழுவி, மறுபடி பற்றவைத்து இம்முறையில் கறுப்பேற்ற அந்த முதிய கைவினைஞருக்கு ஏழு வாரம் ஆனது. இப்போது கைபட்ட ஒவ்வொரு முறையும் எண்ணெய்த்துணியால் துடைத்து, பூட்டிய பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு, உறையின்றி வைக்கிறேன்.

முதல் கடை பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டது. நுகர்வோர் ஆணையத்தில் முறையிட ரசீதை எடுத்துப் பார்த்தேன். அதில் 'சர்வீஸ்' என்ற ஒரு சொல்லைத் தவிர எதுவும் இல்லை. நீங்கள் கொடுக்கும்போது எந்த முறையில் கறுப்பேற்றுவார்கள், வேலை அவர்கள் கடையிலேயே நடக்குமா, தயாரிப்பு எண் என்ன என்ற மூன்றையும் ரசீதில் எழுதி வாங்கிய பிறகே குழல்களைக் கையை விட்டுக் கொடுங்கள்.