42 படிகளும் ஒரு பிளாஸ்டிக் கதிரையும்

லிப்ட் கதவில் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டியிருந்தது. ‘பழுது’ என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தார்கள். எப்போது திருத்துவார்கள் என்று ஒரு மொழியிலும் இல்லை.

அக்கா என் பக்கத்தில் நின்றார். நாரியை (கீழ்முதுகை) சுற்றிப் பெல்ட், ஒரு கை அத்தானின் தோளில். நாங்கள் போகவேண்டிய பிசியோதெரப்பி நிலையம் இரண்டாம் மாடியில் இருந்தது. நாரி நோ, முழங்கால் நோ என்று வருகிற ஆக்களை வைத்தே நடக்கிற இடம் அது. அங்கே லிப்ட் ஓடாவிட்டால் வருகிறவர் என்ன செய்வது? கீழே மேசையில் இருந்த பிள்ளையிடம் இதைத்தான் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. “போன கிழமையில இருந்து நாங்களும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறம், மிஸ்” என்றது அந்தப் பிள்ளை. அதன் முகத்தைப் பார்க்கவும் பாவமாக இருந்தது, கோபமும் அடங்கவில்லை. கனடாவில், ஸ்காபரோவில் நான் இருக்கும் கட்டிடத்தில் லிப்ட் நின்றால், திருத்துகிற ஆள் எத்தனை மணிக்கு வருவார் என்று அன்றைக்கே எழுதி ஒட்டிவிடுவார்கள். 14 வருடம் அப்படிப் பழகியபின், திகதி இல்லாத ஒரு தாளைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை.

கொழும்புக்கு மூன்று கிழமைப் பயணம். விமானம், விசா, பெறாமகளின் கல்யாணம் எல்லாம் நல்லபடி முடிந்தன. நான் எழுத வந்தது அந்த லிப்டையும் அதற்குப் பக்கத்தில் இருந்த படிகளையும் பற்றித்தான்.

அக்காவுக்கு 61 வயது. வெள்ளவத்தையில் நாலாம் மாடி ஃபிளாட்டில் அத்தானோடு இருக்கிறார். கணித ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு வருடத்துக்கு முன்பு நாரி பிடித்தது. சனல் பண்ணி (டொக்டரைப் பார்க்க முன்பதிவு செய்து), 34ஆம் நம்பர் எடுத்து, ஐந்து மணி டொக்டருக்கு ஏழு மணிவரை காத்திருந்து, நாலு நிமிடத்தில் வெளியே வந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அந்த நாலு நிமிடத்தில் ஸ்கானைத் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் சொன்ன வசனம்தான் பிறகு இரண்டு வருடம் அந்த வீட்டை ஆண்டது. “டிஸ்க் தேய்ஞ்சுபோச்சு. குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, றெஸ்ட் எடுங்கோ.”

அத்தான் அதைச் சொல் தவறாமல் கடைப்பிடித்தார். குசினியில் கீழ்த்தட்டில் இருந்த சாமானெல்லாம் மேல்தட்டுக்குப் போய்விட்டது. தண்ணீர் வாளி அவர் கையில், மரக்கறிப் பை அவர் கையில், கூட்டுமாறும் அவர் கையில். தேங்காய் துருவுகிற திருவலையைப் பழைய பத்திரிகையில் சுற்றி அலுமாரிக்கு மேலே வைத்திருந்தார். சம்பல் இல்லை, பாலுக்குப் பால்மாப் பை. நான் போய் இறங்கிய அன்று அக்கா கட்டிலில் இருந்தபடியே கையை நீட்டி என்னைக் கட்டிப்பிடித்தார். இந்த அக்காதான் சின்ன வயதில் எங்கள் எல்லோரையும் ஓட்டத்தில் முந்துகிறவர். அத்தானின் அன்பில் நான் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த அன்பு அக்காவைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிட்டது என்று அன்றிரவே எனக்குப் பட்டது.

சரி, படிக்கு வருவோம்.

திரும்பிப் போவோம் என்று அத்தான் சொன்னார். நானும் அதே எண்ணத்தில்தான் இருந்தேன். அப்போதுதான் வாசலில் நின்ற செக்கியூரிட்டி ஐயா ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். எங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. படியேறிப் போய், படி திரும்புகிற இடத்தில் கதிரையை வைத்துவிட்டு, மேலேயிருந்து அக்காவைப் பார்த்து “ஹெமின், ஹெமின்” என்றார். மெதுவாக, மெதுவாக வாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னது அது. அக்கா என்னைப் பார்த்தார், அத்தானைப் பார்த்தார், பிறகு கைபிடியைப் பிடித்து முதல் படியில் கால் வைத்தார்.

பச்சை நிறம் அடித்த இரும்புக் கைபிடி, பெயின்ற் உரிந்த இடமெல்லாம் உள்ளங்கையில் ஒட்டியது. ஒவ்வொரு திருப்பத்திலும் கதிரை காத்திருந்தது. அக்கா இருந்து மூச்சு வாங்கி எழும்பியதும், ஐயா கதிரையைத் தூக்கிக்கொண்டு எங்களை முந்தி அடுத்த திருப்பத்துக்குப் போய்விடுவார். அக்கா மூன்று தடவை இருந்தார். இரண்டாம் மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது ஐயாவின் சட்டை முதுகு நனைந்திருந்தது. காசு நீட்டினேன், வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கதிரையோடு இறங்கிப் போய்விட்டார்.

உள்ளே இருந்த பிசியோதெரப்பிஸ்ட் முப்பது வயதுகூட இராத ஒரு பெண் பிள்ளை. கதையில் மட்டக்களப்பு வாசம் வந்தது. அக்காவைக் கண்டதும் முதற்கேள்வி நோவைப் பற்றியதாக இருக்கவில்லை.

“லிப்ட் வேலை செய்யேல்லையே, எப்பிடி வந்தீங்க அன்ரி?”

“படியாலதான்.”

“எத்தனை படி?”

“நாப்பத்திரண்டு.” கணித ரீச்சர் எண்ணிக்கொண்டே ஏறியிருக்கிறார்.

“ஏறத் தொடங்கேக்க இருந்த நோ, ஏறி முடியேக்க கூடிச்சா?”

அக்கா யோசித்தார். இரண்டு வருடத்தில் இப்படி ஒருவரும் அவரைக் கேட்டிருக்கவில்லை போல. “இல்லை” என்றார் கடைசியில். “அப்பிடியேதான் இருக்குது.”

அந்தப் பிள்ளை படிவத்தின் மேல் மூலையில் 42 என்று எழுதி வட்டம் போட்டது.

அதன் பிறகுதான் மற்றக் கேள்விகள். சலம் போவதில் தடங்கல் உண்டா, தொடை இடுக்கில் விறைப்பு உண்டா, கால் பலமிழக்கிறதா, காரணமில்லாமல் மெலிந்தீர்களா, காய்ச்சல், விழுந்தது, முன்பு புற்றுநோய் ஏதும்? இவற்றில் ஒன்றுக்கு ஓம் என்றிருந்தால் உடனே டொக்டரிடம் அனுப்பியிருப்பேன் என்றும் சொன்னது. ஒன்றும் இல்லை. ஸ்கானை இருபது நிமிடம் கழித்துத்தான் எடுத்துப் பார்த்தது. “அறுபது வயசில நாரி நோவே இல்லாத நூறு பேரை ஸ்கான் பண்ணினா, 88 பேருக்கு டிஸ்க் தேய்ஞ்சுதான் இருக்கும் அன்ரி. பழைய வீட்டுக் கதவும் தேயும்தானே. ஆனா திறந்து பூட்டாம விட்ட கதவுதான் இறுகும்.” அந்த 88ஐ நான் பிறகு தேடிப் பார்த்தேன். நோ இல்லாதவர்களின் ஸ்கான்களைப் பற்றிய ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு அது.

ரொறன்ரோவில் நானும் நாரிக்குப் பிசியோ போனவள்தான். திரைச்சீலைகளுக்கு நடுவே படுக்கவைத்து, முதுகில் கரண்டு பிடிக்கிற ஒட்டுகளை ஒட்டி, பதினைந்து நிமிடம் கழித்து வந்து கழற்றுவார்கள். போகும்போது படம் போட்ட பயிற்சித் தாள் ஒன்று தருவார்கள். வேலையிடக் காப்புறுதி கட்டுகிற காசு முடிந்ததும் போவதும் முடிந்துவிடும். நீ என்ன செய்ய ஆசைப்படுகிறாய் என்று அங்கே ஒருநாளும் ஒருவரும் என்னைக் கேட்டதில்லை. இங்கே அந்தப் பிள்ளை கேட்டது.

“நோ போகவேணும்” என்றார் அக்கா.

“நோவை ஒரு பக்கம் வையுங்க. நோ இல்லையெண்டா நாளைக்கு விடிய எழும்பி என்ன செய்வீங்க?”

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார், “மரைன் டிரைவில ஒரு நடை. வந்து சம்பலுக்குத் தேங்காய் துருவுவன்.”

“அதெல்லாம் நான் செய்யிறன்தானே” என்று அத்தான் குறுக்கிட்டார். அந்தப் பிள்ளை அவரைக் கடியவில்லை. “ஓம் அங்கிள், நல்லாத்தான் பார்த்திருக்கிறீங்க. இனி அவவுக்காகச் செய்யாம அவவோட சேர்ந்து செய்யுங்க.” அத்தான் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மெஷின் இல்லை, எண்ணெய் இல்லை. கையூன்றாமல் கதிரையில் இருந்து எட்டுத் தடவை எழும்பி இருக்கச் சொன்னது. பிறகு ஒரு பென்சிலை நிலத்தில் வைத்து எடுக்கச் சொன்னது. அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டார். “மூச்சை விடுங்க, விட்டுக்கொண்டே குனியுங்க.” விரல்கள் மெல்ல நடுங்கின. ஆனாலும் பென்சில் மேலே வந்தது. இரண்டு வருடத்தில் அவர் குனிந்து எடுத்த முதற்பொருள் அதுவாகத்தான் இருக்கும்.

நடைக்குக் கணக்கு நிமிடத்தில். முதல்நாள் மூன்று நிமிடம் போய், மூன்று நிமிடம் திரும்பி வரவேண்டும். காலையும் மாலையும். இரண்டு நாளுக்கு ஒருக்கால் ஒரு நிமிடம் கூட்டலாம். நடக்கும்போது கொஞ்சம் நொந்தால் பயப்படத் தேவையில்லை, அடுத்தநாள் விடிய அது பழைய நிலைக்கு வந்துவிட்டால் சரி. நன்றாக இருக்கிற நாளில் ஆசைக்குக் கூட நடக்கக்கூடாது, கூடாத நாளில் முற்றாக நிறுத்தவும் கூடாது, பாதி நட என்றது. பெல்ட்டை மெல்ல மெல்லக் கழற்றிவிடச் சொன்னது. இரவு போனில் தேடினேன். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட நாரி நோவுக்கு வெளியிட்ட வழிகாட்டலும் பயிற்சியையும் நோயைப் பற்றிய விளக்கத்தையும் பரிந்துரைக்கிறது. வழமையாகப் பெல்ட் கட்டுவதையும் கரண்டு பிடிப்பதையும் பரிந்துரைக்கவில்லை. 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு நாரி நோ இருந்ததாம். இத்தனை பேரில் எத்தனை வீட்டில் திருவலை அலுமாரிக்கு மேலே ஏறியிருக்கும் என்று யோசித்தேன்.

மறுநாள் மாலை மரைன் டிரைவ். ஒரு பக்கம் றோட்டு, மறுபக்கம் தண்டவாளம், அதற்கங்கால் கடல். அத்தான் மடிக்கிற ஸ்டூல் ஒன்றைக் கையில் கொண்டுவந்தார், மழைக்குக் குடையும். மூன்றாம் நிமிடத்தில் பாணந்துறைப் பக்கம் போகிற ரயில், வாசலில் ஆக்கள் தொங்க, எங்களைக் கடந்து போனது. உப்புக்காற்று முகத்தில் அடிக்க அக்கா நின்று பார்த்தார். பிறகு திரும்பினோம். ஸ்டூல் விரிக்கப்படவேயில்லை.

ஐந்தாம் நாள் கணக்குப் பிழைத்தது. உடம்பு நல்லாயிருக்கிறது என்று அக்கா இருபது நிமிடம் நடந்துவிட்டார். அடுத்த நாள் கட்டில். அத்தான் பெல்ட்டைத் தேடி எடுத்துவிட்டார், நானும் பயந்துபோனேன். போன் எடுத்துக் கேட்டால் அந்தப் பிள்ளை கொஞ்சமும் பதறவில்லை. “இது காயம் இல்லை அன்ரி, பழக்கமில்லாத வேலை. இண்டைக்கு மூண்டு நிமிஷம் நடவுங்க.” அன்று வீட்டுக்குள்ளேயே குசினிக்கும் பல்கணிக்கும் நடந்தோம்.

காலி வீதியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நடவுங்கள், நடவுங்கள் என்கிறோம், எங்கே நடப்பது? நடைபாதையில் கல் பெயர்ந்து கிடக்கிறது, கடைச் சாமான் கிடக்கிறது, அவசரம் வந்தால் மோட்டார் சைக்கிளும் அதற்குள்தான் வருகிறது. ஸ்காபரோவில் பனிக்காலத்தில் எங்கள் வயோதிபர்கள் விடியவே மோலுக்குப் போய்ச் சமதரையில் நாலு சுற்று நடந்துவிட்டு கோப்பி குடித்து வருவார்கள். ஆனால் அங்கே இந்தக் காற்று இல்லை. போகமுன் வந்த ஞாயிறு காலிமுகத்திடலுக்குப் போனோம். அப்பா எங்களைக் கூட்டிப் போய் இறால் வடை வாங்கித் தந்த இடம். அந்தக் கடலோர நடைபாதையை 1859இல் முடித்த ஆளுநர் ஹென்றி வார்ட், கொழும்பின் பெண்களினதும் சிறுவர்களினதும் நலனுக்காக இதைப் பேணுங்கள் என்று பின்வருவோருக்குக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போனார். அக்கா அன்று 11 நிமிடம் நடந்தார், வடையும் தின்றார்.

அந்த நிலையத்துக்கு நாங்கள் போனது மொத்தம் நாலு தடவை. நாலு தடவையும் லிப்ட் கதவில் அதே தாள், ஒரு மூலை சுருண்டுபோய். நாலாம் தடவை அக்கா கதிரையில் ஒருக்கால்தான் இருந்தார். ஆனால் அன்று பாரிசவாதம் வந்த ஓர் ஐயாவை இரண்டு மகன்மார் கதிரையோடு தூக்கிக்கொண்டு ஏறியதையும் பார்த்தேன். ஒவ்வொரு படியிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்களுக்கு அந்தப் படிகள் நல்லதாக முடிந்தன என்பதற்காக அந்த லிப்ட் விஷயத்தை நான் மன்னிக்க மாட்டேன். பொறுப்பாளர் என்று சொன்னவரிடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தேன். செக்கியூரிட்டி ஐயாவைப் பற்றியும் அந்தப் பிள்ளையைப் பற்றியும் அதே தாளில் தனியாக எழுதினேன்.

திருவலையை நான் புறப்படுவதற்கு முதல்நாள் அத்தானே ஏறி எடுத்துக் கழுவி வெயிலில் வைத்தார். அக்கா அரைமூடி துருவினார், மிச்ச அரைமூடியை நான்.

குசினிக் கலண்டரில் ஒவ்வொரு நாள் கட்டத்திலும் அத்தான் நிமிடத்தைப் பென்சிலால் எழுதுகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறார். போன கிழமைப் படத்தில் 17, 17, 18, 18, பிறகு ஒரு 9, பிறகு 18. செவ்வாய்க் கட்டம் வெறுமையாக இருந்தது. போன் எடுத்துக் கேட்டேன், மழை என்றார் அத்தான். பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது, “மழை பின்னேரம்தான் வந்தது, காலமை நடந்தனாங்கள். எழுத மறந்திட்டார். எட்டு எண்டு போடச் சொல்லு.”