உறைந்து பிழைப்பதா, உறையாமல் தாக்குப்பிடிப்பதா?

அலாஸ்காவின் குளிர்காலத்தைக் கடக்க இரண்டு உயிர்கள் நேரெதிர் வழிகளைப் பிடித்திருக்கின்றன. காட்டுத்தவளை உறைந்தே போய்விடுகிறது. சருகுக்கடியில் கிடக்கும் அதைத் தட்டினால் கல் மாதிரி இருக்கும். இதயத் துடிப்பு இல்லை, மூச்சு இல்லை, உடல் நீரில் பாதிக்கு மேல் பனிக்கட்டி. ஆனால் தோலில் பனி படரத் தொடங்கியதுமே கல்லீரல் குளுக்கோஸை வாரி இறைத்துவிடும். செல்களுக்குள் பனி புகாமல் காப்பது அந்தச் சர்க்கரைதான். பனி உருகும்போது முதலில் இதயம் துடிக்கும், கால் அப்புறம்தான் அசையும்.

ஆர்க்டிக் தரை அணில் உறைவதில்லை. வளைக்குள் அதன் உடல் வெப்பம் மைனஸ் 2.9 டிகிரி வரை இறங்கினாலும் ரத்தம் கட்டிப்போகாது. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுநடுங்கி உடலைச் சூடேற்றிக்கொள்ளும். அதற்குக் கொழுப்பு ஏராளமாகக் கரையும். தவளைக்கு அந்தச் செலவே இல்லை. என் வியப்பெல்லாம் தவளை மீதுதான்: நின்றுபோன இதயம் தானாகவே மறுபடி துடிக்கிறதே!