மாண்டிசோரியா, ரெஜியோ எமிலியாவா?

இரண்டும் இத்தாலியில் பிறந்த மழலையர் கல்வி முறைகள். மரியா மாண்டிசோரி 1907-இல் ரோமில் தொடங்கிய முறையில் குழந்தை கையாளும் பொருள்தான் ஆசிரியர். இளஞ்சிவப்புக் கோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை பத்து மரக் கனசதுரங்கள். வரிசை மாறினால் யாரும் திருத்த வேண்டாம், கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். குழந்தை கலைத்துவிட்டு மறுபடி அடுக்கும். அப்போது பக்கத்தில் போய் "சபாஷ்" சொல்வதுகூடத் தொந்தரவுதான்.

லோரிஸ் மலகுத்ஸி வளர்த்த ரெஜியோ எமிலியா முறையில் இப்படி ஒரே விடை கிடையாது. தேங்கிய மழைநீரில் முகம் தெரிந்தால் அதுவே பாடம். குழந்தைகள் சேர்ந்து பேசுவார்கள், வரைவார்கள், அப்புறம் களிமண்ணில் செய்து பார்ப்பார்கள். அவர்கள் சொன்னதை ஆசிரியர் எழுதிச் சுவரில் ஒட்டுவார்.

தனியே மூழ்கி விளையாடும் பிள்ளைக்கு மாண்டிசோரி சரி. ஓயாமல் "ஏன்?" கேட்கும் பிள்ளையை நான் ரெஜியோ வகுப்பில்தான் விடுவேன், அந்த ஒரு கேள்வியை வைத்தே அங்கே பல நாள் ஓடும்.