தீவு கிளினிக்கில் நர்ஸ் வேலை: ஆறு வார கான்ட்ராக்டா, ஒரே ஊரில் ஒரு வருஷமா?

நர்ஸ்களை வேலைக்கு அனுப்பும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தால் முதலில் பேசுவது சம்பளத்தைப் பற்றித்தான். ஆறு வாரம், விமான டிக்கெட் அவர்கள் செலவு, தங்க வீடு இலவசம், மணிக்கு இவ்வளவு டாலர். நிரந்தர நர்ஸ் வாங்குவதைவிட அது கணிசமாக அதிகம். வட ஆஸ்திரேலியத் தீவுகளில் உள்ள பூர்வகுடி ஊர்களுக்கு நர்ஸாகப் போக நினைக்கிறவர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான்: ஏஜென்சி வழியாகப் போய்ப் போய் வருவதா, இல்லை ஒரே கிளினிக்கில் சேர்ந்து ஒரு வருஷமாவது இருப்பதா? ஆர்னெம் லேண்ட் பக்கம், யோல்ங்கு என்ற பூர்வகுடி மக்கள் வாழும் ஒரு தீவில் நான் இரண்டும் செய்திருக்கிறேன். வீட்டுச் சூழ்நிலை இடம் கொடுத்தால், இருந்து வேலை பாருங்கள். இதுதான் என் கட்சி.

காரணம் ஒரு ஊசி. தொண்டைப் புண்ணையும் சிரங்கையும் உண்டாக்கும் ஸ்ட்ரெப் ஏ கிருமி திரும்பத் திரும்பத் தாக்கினால் சில பிள்ளைகளுக்கு ருமாட்டிக் காய்ச்சல் வருகிறது, அது இதய வால்வைக் கெடுக்கிறது. சிட்னி, மெல்பர்ன் பெரிய ஆஸ்பத்திரிகளிலேயே அரிதாகப் பார்க்கும் நோய், இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஒரு தடவை வந்த பிள்ளைக்கு மறுபடி வராமல் இருக்க 28 நாளுக்கு ஒரு பென்சாத்தீன் பெனிசிலின் ஊசி, அதாவது வருஷத்துக்கு 13, அதுவும் பல வருஷம். மருந்து வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் குளிர் போக்கி, இரண்டு மூன்று நிமிஷம் மெதுவாக ஏற்ற வேண்டும், அவசரப்பட்டால் பிள்ளைக்கு உயிர் போகிற வலி. 42 நாள் கான்ட்ராக்டில் ஒரு பிள்ளைக்கு நீங்கள் போடக்கூடியது ஒரு ஊசி, மிஞ்சினால் இரண்டு. அடுத்ததைப் போடப் போவது அவன் பார்த்தே இராத ஒருவர்.

நான் கான்ட்ராக்டில் போன சமயத்தில் ஒன்பது வயசுப் பையன் ஒருவன் கிளினிக் வண்டிச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குப் பின்னால் ஓடிவிடுவான். "எத்தனை நாள் இருப்பாய்?" என்று அவன் பாட்டி கேட்டார். இன்னும் நாலு வாரம் என்றேன். சரி என்றுகூடச் சொல்லவில்லை, திரும்பிக்கொண்டார். பிறகு வேலையில் சேர்ந்து அங்கேயே இருந்தபோது, என் கையால் ஐந்தாவது ஊசி போட வேண்டிய நாளில் அவனே வண்டியில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். கிளினிக்கில் மூடி போட்ட சிரிஞ்சை வாங்கித் தன் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, சூடாகிவிட்டதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தான்.

இன்னொன்று உறவுமுறை. கொஞ்ச காலம் இருந்தால் யாராவது உங்களை மகளாகவோ சகோதரியாகவோ சேர்த்துக்கொள்வார்கள், அன்றிலிருந்து ஊர் முழுக்க நீங்கள் ஏதோ ஒரு முறையாகிவிடுவீர்கள். தமிழருக்கு இது சுலபமாகப் பிடிபடும். யோல்ங்கு மொழியில் அம்மாவுக்கும் அம்மாவின் அக்கா தங்கைக்கும் ஒரே சொல், தாய்மாமனுக்கு 'ஙபிபி' என்று தனிச்சொல், அத்தைக்கு வேறு சொல். (ஙகரத்தில் தொடங்கும் சொற்கள் நம்மிடம் இல்லாத குறை அங்கே தீர்ந்துவிடும்.) ஆனால் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசக்கூடாது, பக்கத்தில் உட்காரக்கூடாது. இது தெரியாமல் இருவரையும் ஒரே சமயத்தில் காத்திருக்க வைத்தால் ஒருவர் எழுந்து போய்விடுவார், கம்ப்யூட்டரில் 'காத்திருக்காமல் போனார்' என்று பதிவாகும். உள்ளூர் பூர்வகுடி சுகாதாரப் பணியாளர்களிடம் கேட்டால் சொல்லித் தருவார்கள். ஆறு வாரத்தில் கேட்கவே நேரம் இருக்காது, அவர்களுக்கும் வருகிற ஒவ்வொரு நர்ஸுக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்திருக்கும். 2013 முதல் 2015 வரை, ஆர்னெம் லேண்ட் இருக்கும் நார்தர்ன் டெரிட்டரியின் தொலைதூர கிளினிக்குகளில் பணியாளர் வெளியேற்றம் வருஷத்துக்கு 100 சதவீதத்தைத் தாண்டியது என்று ஒரு ஆய்வு சொன்னது. அந்த அலுப்பு எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரிகிறது.

சரி, ஏஜென்சி பக்கம் நியாயமே இல்லையா என்றால், இருக்கிறது. இருந்து பார்ப்பது உடம்பை வாட்டும். கடையில் பால் வாங்க நிற்கும்போதும் ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்பார்கள், ராத்திரி ஆன்-கால் முடிந்து காலையில் மறுபடி டூட்டி. பழகிய மனிதர் இறந்துபோனால் நீங்களும் துக்கத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், அங்குள்ள வழக்கப்படி அவர் பெயரைக்கூட வெளியே சொல்லக்கூடாது. படகில் வரும் காய்கறி விலையும் கூடுதல். உயர்நிலைப் பள்ளி வயசில் பிள்ளைகள் இருந்தால் கான்ட்ராக்ட்தான் சரி, ஆனால் அதே கிளினிக்குக்கே திரும்ப அனுப்பச் சொல்லி ஏஜென்சியிடம் அடம்பிடியுங்கள். இரண்டு நர்ஸ்கள் ஒரே வேலையை மாதம் மாறி மாறிப் பார்க்கும் ஏற்பாடும் சில இடங்களில் உண்டு. குடும்பம் இருப்பவர்களுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பண வித்தியாசமும் போனில் கேட்கிற அளவு பெரிதில்லை. எல்கோ தீவில் மிவாட்ஜ் போல, பூர்வகுடி மக்களே நடத்தும் அமைப்புகளில் நேரடியாகச் சேர்ந்தால் பொதுவாக சம்பளத்தில் வருஷத்துக்கு 15,900 டாலர் வரை வரி பிடிக்காமல் சொந்தச் செலவுக்கு ஒதுக்கிக்கொள்ளலாம். ஏஜென்சியில் சாதாரணமாக இது கிடைக்காது.

எந்தத் தீவு என்பது அடுத்த கேள்வி. திவி தீவுகள் நார்தர்ன் டெரிட்டரியின் தலைநகரான டார்வினிலிருந்து 80 கிலோமீட்டர்தான், சின்ன விமானத்தில் அரை மணிக்குள் போய்விடலாம். எல்கோ 500 கிலோமீட்டருக்கு மேல். குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டவுன்ஸ்வில் நகருக்கு எதிரே உள்ள பாம் தீவில் ஆஸ்பத்திரியே இருக்கிறது, வார்டு வேலையில் பழகியவர்கள் அங்கிருந்து தொடங்கலாம்.

எதில் போனாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: ராத்திரி அழைப்புக்கு என்னோடு யார் வருவார்? 2016ல் தென் ஆஸ்திரேலியாவில் கெய்ல் வுட்ஃபோர்ட் என்ற நர்ஸ் கொல்லப்பட்ட பிறகு, அந்த மாநிலத்தின் தொலைதூர ஊர்களில் வேலை நேரத்துக்கு வெளியே வரும் அழைப்புக்கு இரண்டாம் ஆள் கூடப் போவது சட்டமானது. "பார்த்துக்கொள்ளலாம்" என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம். உள்ளூர்க்காரர் ஒருவரின் பெயரைச் சொன்னால், அவர் அங்கே எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் கேட்டுவிடுங்கள்.