ஜுஹு பிருத்வி தியேட்டர்: கதை கேட்கத் தெரிந்த அரங்கம்

மும்பைத் தமிழர்களில் நாடகம் பிடித்தவர்கள்கூட மாட்டுங்கா, செம்பூர் தாண்டிப் போவது குறைவு. சென்னையிலிருந்து ஒரு குழு வந்தால் ஷண்முகானந்தா, மைசூர் அசோசியேஷன், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், அதோடு சரி. அதனால் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜுஹுவில் ஜானகி குடீரில் இருக்கும் பிருத்வி தியேட்டருக்கு ஒரு தடவையாவது போங்கள். அதுவும் ஏதாவது ஒரு சிறுகதையையோ நாவலையோ மேடைக்குக் கொண்டுவந்த நாடகம் நடக்கிற நாளாகப் பார்த்துப் போங்கள். எழுத்தாளர் எழுதிய வாக்கியத்தை நடிகரின் வாயிலிருந்து மைக் இல்லாமல் நேராகக் கேட்க இந்த நகரத்தில் எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை.

முதலில் அரங்கத்தைப் பற்றி. மொத்தமே சுமார் 200 இருக்கைகள்தான். மேடை நம் பக்கமாக நீண்டு வந்திருக்கும், அதன் மூன்று பக்கமும் படிப்படியாக ஏறும் வரிசைகளில் ஜனங்கள் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் இழுத்து மூடும் திரை கிடையாது. கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் நடிகர் மூச்சு வாங்குவது தெரியும், அவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்பது தெரியும், எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முகமும் தெரியும். இந்தக் கடைசி விஷயம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏனென்றால் ஒரு வசனம் விழும்போது எதிரே இருக்கிற நாற்பது ஐம்பது முகங்களில் அது எப்படி விழுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறோம், பெரிய ஹாலில் முன்சீட்டுக்காரரின் பின்தலையை மட்டும் பார்க்கிற ஆளுக்கு அது கிடைக்காது. கட்டடக் கலைஞர் வேத் சேகன். மேடையில் நிற்கிறவரின் தேவை என்ன என்று கேட்டுக் கேட்டுக் கட்டிய இடம் என்பது உள்ளே கால் வைத்ததுமே தெரிந்துவிடும்.

அப்படிக் கேட்டுக் கட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இந்த அரங்கத்துக்குப் பேர் தந்த பிருத்விராஜ் கபூரை நம்மில் பலருக்கு 'மொகலே ஆஸம்' படத்தின் அக்பராகத்தான் தெரியும். ஆனால் அவர் வாழ்க்கையின் பெரிய வேலை நாடகம். 1944இல் பிருத்வி தியேட்டர்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார். மும்பை ராயல் ஓபரா ஹவுஸில் ஆடுவார்கள், பிறகு மூட்டை முடிச்சு, செட், விளக்கு, சமையல்காரர் என்று ஏறக்குறைய 150 பேரோடு ரயில் ஏறி ஊர் ஊராகப் போவார்கள். முதலில் எடுத்தது காளிதாசனின் சகுந்தலை. அதற்கடுத்து நேராகத் தன் காலத்துக்கு வந்துவிட்டார். 'தீவார்' நாட்டைத் துண்டாடுவதைப் பற்றியது, 1945இலேயே, பிரிவினைக்கு முன்பே போட்டது. 1947இல் 'பட்டான்', ஹிந்து முஸ்லிம் நட்பைப் பற்றியது, எந்த வருஷம் என்பதைக் கவனியுங்கள். 16 வருஷத்தில் 2,662 காட்சிகள், எல்லாவற்றிலும் முக்கிய வேடம் அவரே. சினிமாவில் சம்பாதித்ததை எல்லாம் இதில்தான் கொட்டினார். நாடகம் முடிந்ததும் வாசலில் தலை குனிந்து துணியை ஏந்தி நிற்பார், வெளியே போகிறவர்கள் போடும் காசு அகதிகளுக்கோ பஞ்சத்தில் கஷ்டப்படுகிறவர்களுக்கோ போகும். வந்த கூட்டத்தின் கண்ணை நேராகப் பார்க்காமல் குனிந்தே நிற்பாராம், போடுகிறவர் கூச்சப்படக் கூடாது என்று. தயாரிப்பாளர் என்ற சொல்லுக்கு நான் மனத்தில் வைத்திருக்கும் ஆள் இவர்தான். குரலும் உடம்பும் ஒத்துழைக்காமல் 1960இல் குழுவைக் கலைக்க வேண்டியதாயிற்று.

ஊர் சுற்றியவருக்குச் சொந்தமாக ஒரு கூரை வேண்டும் என்ற ஆசை இருந்தது. ஜுஹுவில் குத்தகைக்கு நிலம் எடுத்திருந்தார், ஆனால் அரங்கம் எழும்புவதற்குள் 1972இல் போய்விட்டார். அதைக் கட்டி முடித்தவர்கள் மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும். ஜெனிஃபரின் அப்பா ஜெஃப்ரி கெண்டலும் இதே ஜாதி மனிதர், ஷேக்ஸ்பியரானா என்ற குழுவை வைத்துக்கொண்டு இந்தியா முழுக்கப் பள்ளிக்கூடம், அரண்மனை என்று பார்க்காமல் ஷேக்ஸ்பியர் நாடகங்களைப் போட்டவர். இரண்டு குழுக்களும் கல்கத்தாவில் இருந்தபோதுதான் சசியும் ஜெனிஃபரும் சந்தித்தார்கள். ஆக, இரண்டு பக்கமும் பெட்டி தூக்கி அலைந்த குடும்பங்கள். 1978 நவம்பர் 5 அன்று அரங்கம் திறந்தது. எந்த ஊர்க் குழு வந்தாலும் எளிதாக மேடை ஏறும்படி இருக்க வேண்டும், பார்க்க வருகிறவர்களுக்கும் கட்டுப்படியாக வேண்டும் என்பதுதான் நோக்கம். ஜெனிஃபர் 1984இல் இறக்கும் வரை அவர் கையில் இருந்தது, பிறகு பிள்ளைகள் எடுத்து நடத்தினார்கள். மகள் சஞ்சனா பல வருஷம் பார்த்துக்கொண்டார், பிறகு 'ஜுனூன்' என்று தனியாகத் தொடங்கி நாடகத்தை அரங்கத்துக்கு வெளியே, பள்ளிகளுக்கும் மற்ற ஊர்களுக்கும் கொண்டுபோனார். தாத்தா செய்த வேலைதான்.

சரி, அங்கே என்ன பார்ப்பது? நான் யாருக்கும் முதலில் சொல்வது நசீருதீன் ஷாவின் மாட்லி குழு போடும் 'இஸ்மத் ஆபா கே நாம்'. இந்தக் குழுவே 1979இல் பிருத்வி மேடையில்தான் முதல் நாடகம் போட்டது. உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாயின் மூன்று கதைகளை ஹீபா ஷா, ரத்னா பாட்டக் ஷா, நசீர் மூவரும் ஆளுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டு தனியாகச் செய்வார்கள். கதையை வசனமாகப் பிரிப்பதில்லை, எழுதியிருப்பதை அப்படியே, 'என்றாள்', 'என்று நினைத்தாள்' உட்படச் சொல்லிக்கொண்டே நடிப்பார்கள். மேடையில் சாமான் மிகக் குறைவு. என் அத்தையை ஒரு தடவை கூட்டிப்போனேன். அவருக்கு ஹிந்தி என்றால் மாட்டுங்கா மார்க்கெட்டில் பேரம் பேசுகிற அளவுதான், உருது சுத்தமாகப் புதிது. ரத்னா செய்யும் கதையில், கறுத்த மாப்பிள்ளைக்கு வெள்ளை வெளேரென்று ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள், முக்காட்டை நீயே எடு என்று அவன் சொல்ல, அவள் எடுக்க மாட்டாள், அந்த ஒரு பிடிவாதத்தில் இரண்டு பேர் ஆயுசும் போகிறது. அத்தைக்குப் பாதிச் சொற்கள் பிடிபடவில்லை, ஆனால் ஒரு இடம்கூட விட்டுப்போகவில்லை. இடைவேளையில் "எங்க பெரியம்மா வீட்டுல இதே கதை நடந்துது தெரியுமோ, முக்காடு மட்டும்தான் இல்ல" என்று தஞ்சாவூர்ப் பக்கத்து ஒரு கல்யாணத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அந்த நெருக்கத்துக்கு அந்த அரங்கத்தின் அளவு ஒரு காரணம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முகத்தைப் படிக்கிற தூரத்தில் இருந்தால் மொழி பாதி வேலையைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரு தயாரிப்பாளரின் கண்ணோடு பார்த்தால் இன்னொன்றும் புரியும். 150 பேரோடு ரயிலில் போன காலம் திரும்ப வராது, அத்தனை பேருக்குச் சாப்பாடும் தங்க இடமும் போட்டு டிக்கெட் காசில் மீள முடியாது. இந்த இஸ்மத் நாடகமோ சில பேரோடும் சில பெட்டிகளோடும் எந்த ஊருக்கும் போகும், போகவும் செய்கிறது. சுற்றுப்பயண நாடகம் இன்று உயிரோடு இருப்பது இப்படி எடை குறைத்துக்கொண்டதால்தான்.

நமக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. சிறுவர்களை வைத்து நாடகம் போட்ட பாய்ஸ் கம்பெனிகள் ஊர் ஊராகக் கொட்டகை போட்டுத்தான் தமிழ் நாடகத்தை வளர்த்தன. நாவலை மேடைக்குக் கொண்டுபோவதும் அந்தக் காலத்திலேயே நடந்தது. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா'வை எம். கந்தசாமி முதலியார் நாடகமாக்கி, டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்து, அது 1935இல் சினிமாவாகவும் வந்தது. பிறகு ஆர்.எஸ். மனோகர் தந்திரக் காட்சிகளோடு புராண நாடகங்களைப் பிரம்மாண்டமாகச் செய்தார், அதற்குப் பெரிய மேடை வேண்டும்தான். அதே போல 'பொன்னியின் செல்வ'னை மேஜிக் லான்டர்ன் குழு 1999இல் சென்னை நந்தனம் ஒய்எம்சிஏ திறந்தவெளியில் போட்டதும் சரியான முடிவு, ஐந்து பாகத்தையும் அத்தனை பாத்திரங்களையும் 200 சீட் அரங்கத்துக்குள் அடக்க முடியாது. ஆனால் எல்லா நாடகமும் அப்படி இல்லையே. மும்பைக்கு வரும் தமிழ் நாடகம் எதுவானாலும், இரண்டு பேர் வீட்டுக்கூடத்தில் உட்கார்ந்து பேசுகிற கதையானாலும், பெரிய ஹால், தொங்கும் மைக் என்றே ஏற்பாடு ஆகிறது. ஷண்முகானந்தாவில் 2,700க்கும் மேல் இருக்கை, கச்சேரிக்கு அருமையான இடம், அதை நான் குறை சொல்லவே மாட்டேன். இன்னொரு ஹாலில், பேர் வேண்டாம், ஒரு குடும்ப நாடகத்துக்குப் போயிருந்தேன், பொன்னாடை போர்த்துவதும் பேச்சுமாக ஒரு மணி நேரம் போனது, அப்புறம் நாடகம் தொடங்கியபோது மைக்குக்குக் கீழே வந்து நின்றால்தான் வசனம் கேட்கும் என்பதால் அம்மாவும் மகனும் சண்டை போடுவதற்குக்கூட வரிசையில் நிற்கவேண்டியிருந்தது. நடித்தவர்கள் நல்ல நடிகர்கள். அவர்களுக்காக எனக்கு மனசு வலித்தது.

சபா நடத்துகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். 1930களில் வந்த 'மணிக்கொடி' பத்திரிகைக் காலத்துக் கதைகளிலிருந்து மூன்றே மூன்றை எடுத்து, ஒரு எழுத்தும் மாற்றாமல், மூன்று நல்ல நடிகர்களை வைத்து, இருநூறு பேர் உட்காரும் இடத்தில் போட்டுப் பாருங்கள். பிருத்வியே கிடைக்க வேண்டும் என்றில்லை, மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹால் போதும். வாடகை குறைவு, செட் செலவு இல்லை, அந்தக் காசை நடிகர்களுக்குக் கொடுக்கலாம்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அந்தேரி, கோரேகான் போகும் ஹார்பர் லோக்கல் நேராக விலே பார்லேவில் நிற்கும், அங்கே மேற்குப் பக்கம் இறங்கி ஆட்டோ. முலுண்ட், டோம்பிவிலிக்காரர்கள் தாதரில் மாறிக்கொள்ளலாம். சனி ஞாயிறு சாயங்காலம் ஜுஹு பக்கம் போக்குவரத்து மோசம், கையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஏனென்றால் மணி அடித்துக் கதவு மூடினால் மூடியதுதான், யாராக இருந்தாலும் உள்ளே விடமாட்டார்கள். இந்தக் கறாருக்காகவே நான் அவர்களை மதிக்கிறேன். சீட் நம்பர் கிடையாது, வரிசையில் முன்னால் நிற்பவருக்கு விரும்பிய இடம். என்னைக் கேட்டால் நேர் நடுவைவிட ஓரப் பக்கத்தில் மூன்றாவது நான்காவது வரிசை நல்லது. காரில் போகாதீர்கள், நிறுத்த இடம் தேடியே நாடகத்தைத் தவறவிடுவீர்கள். திங்கட்கிழமை விடுமுறை. நாடகங்கள் பெரும்பாலும் ஹிந்தி, ஆங்கிலம், சில சமயம் மராத்தி, குஜராத்தி. கோடை விடுமுறையில் குழந்தைகளுக்கான பயிற்சிகளும் நாடகங்களும் உண்டு, ஊருக்குப் போகாத வருஷம் பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

வெளியே மரத்தடியில் இருக்கும் கஃபேயில் சுலைமானி சாயா, அதாவது பால் விடாத டீ, குடியுங்கள். ஐரிஷ் காபிதான் பேர்போனது, ஆனால் எனக்கு சுலைமானிதான். பக்கத்து மேஜையில் யாராவது அடுத்த நாடகத்தின் வசனத்தைப் படித்துப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நாடகம் முடிந்ததும் உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தால் நடித்தவர்கள் வேடம் கலைத்துவிட்டு டீ குடிக்க வருவார்கள், தாராளமாகப் போய்ப் பேசலாம், தமிழ்க் கதைகளைப் பற்றிச் சொன்னால் ஆர்வமாகவே கேட்பார்கள். நவம்பரில் பிருத்வி விழா நடக்கும், அப்போது வெளியூர்க் குழுக்களும் வரும், டிக்கெட் அறிவித்த அன்றே எடுத்துவிடுங்கள்.